ஷெட் வேலை தள்ளிப்போகிறது, முதலாளியிடம் எப்படிச் சொல்வது?

கேள்வி: வணக்கம் அய்யா. எனக்கு வயது 36. கோவையில் பம்ப் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் பதினோரு வருடம் மெயின்டெனன்ஸில் இருந்தேன். போன வைகாசியில், அரசூர் பக்கம் வாங்கிய இடத்தில் புதிய மெஷின் ஷாப் கட்டும் பொறுப்பை எம்.டி. என்னிடம் கொடுத்து, புராஜெக்ட் மேனேஜர் ஆக்கினார். தை மாத முகூர்த்தத்தில் பூஜை போட்டு மெஷின் ஓட வேண்டும் என்பது அவர் குறித்த தேதி. இப்போது கார்த்திகை பிறந்துவிட்டது. கூரை முக்கால்வாசிதான் ஆகியிருக்கிறது. தீபாவளிக்குப் போன பீகார் ஆட்களில் பாதிப் பேர் திரும்பவில்லை. தூண் எல்லாம் நிறுத்திய பிறகு, 5 டன் கிரேனுக்குப் பதில் 10 டன் போடலாம் என்று எம்.டி. சொன்னார், ஷெட் போடுபவர் 'பாத்துக்கலாங்க' என்றார். மெஷின் மார்கழிக் கடைசியில் வருகிறது, அதற்கான ஃபவுண்டேஷன் இன்னும் போடவில்லை. ஈ.பி. வேலை 'நடந்துட்டு இருக்கு' என்கிறார்கள். காலை ஆறரைக்குப் போனால் வீடு திரும்ப இரவு பத்து ஆகிறது. வாராவாரம் மீட்டிங்கில் நானும் 'முடிச்சுப்போடலாங்க' என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எங்கே தப்பு செய்கிறேன்? பேசாமல் மெயின்டெனன்ஸுக்கே திரும்பிவிடட்டுமா?
(பெயர் வேண்டாம், சூலூர்)

பதில்: வணக்கம் தம்பி. உங்கள் கடிதத்தில் கிரேனைப் பற்றிய அந்த ஒரு வரியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்றதெல்லாம் நாள் கணக்கும் பணக் கணக்கும். இது உயிர்.

5 டன் கிரேன் 10 டன் ஆகும்போது தூக்கும் எடை மட்டும் கூடுவதில்லை. கிரேனின் சொந்த எடை கூடுகிறது. ஒவ்வொரு சக்கரமும் ரெயில் மேல் இறக்கும் பாரம் கூடுகிறது. நிறுத்தும்போதும் கிளப்பும்போதும் பக்கவாட்டில் தள்ளும் விசை கூடுகிறது. இது கேன்ட்ரி கர்டர் (கிரேன் ஓடும் ரெயிலைத் தாங்கும் உத்திரம்), தூணில் அதைத் தாங்கும் பிராக்கெட், தூண், பேஸ் பிளேட், ஆங்கர் போல்ட், மண்ணுக்குள் இருக்கும் அஸ்திவாரம் என்று வரிசையாகக் கீழே இறங்கும். அஸ்திவாரம் 5 டன்னுக்குக் கணக்குப் போட்டதா, கொஞ்சம் கூடுதலாகப் போட்டதா என்று ஷெட் போடுபவரால் வாயால் சொல்ல முடியாது. டிசைன் போட்ட ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் டிராயிங்கை எடுத்துக்கொண்டு நீங்களே போங்கள். அவர் திரும்பக் கணக்குப் பார்த்து, எங்கெங்கே பலப்படுத்த வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரும் வரை 10 டன் கிரேனுக்கு ஆர்டர் போகக் கூடாது. அவர் ஆகாது என்றால் 5 டன்னோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான். அந்த கிரேனுக்குக் கீழே நாளைக்கு நம் ஆட்கள் நின்று வேலை செய்யப் போகிறார்கள்.

சரி, இப்போது மற்றதற்கு வருகிறேன்.

மெயின்டெனன்ஸுக்குத் திரும்ப வேண்டாம். நன்றாக வேலை தெரிந்தவரை மேனேஜர் ஆக்கும்போது பெரும்பாலும் நடக்கிற தவறுகள்தான் உங்களிடமும் நடந்திருக்கின்றன. அவற்றில் பலவற்றைத் திருத்த இன்னும் நேரம் இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது நீங்களே எழுதிய அந்த 'முடிச்சுப்போடலாங்க'தான். பெரியவர் முகத்துக்கு நேரே ஆகாது என்று சொல்ல நம் பக்கத்து ஆட்களுக்கு வாய் வராது. மரியாதையோடு வளர்ந்த பழக்கம், அதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் ஒரு புராஜெக்டில் அது என்ன செய்கிறது என்று பாருங்கள். மேஸ்திரி கான்ட்ராக்டரிடம் 'வெள்ளிக்கிழமை ஆயிருங்க' என்கிறார். செவ்வாய்க்கு முன் ஆகாது என்று கான்ட்ராக்டருக்குத் தெரியும். உங்களிடம் வெள்ளி என்றே சொல்கிறார். உங்களுக்கும் உள்ளுக்குள் சந்தேகம்தான், எம்.டி.யிடம் 'ஆயிருங்க' என்கிறீர்கள். ஒருவரும் பொய் சொல்ல நினைக்கவில்லை. ஆனாலும் எம்.டி. கையில் இருப்பது ஒருவரும் நம்பாத ஒரு தேதி. அதை வைத்து அவர் சொந்தக்காரர்களைக் கூப்பிடுகிறார், வாடிக்கையாளருக்கு டெலிவரி தேதி கொடுக்கிறார், பழைய இடத்தைக் காலி செய்வதாகச் சொல்கிறார்.

புராஜெக்ட் மேனேஜரின் முதல் வேலை கெட்ட செய்தியைச் சீக்கிரம் தெரிந்துகொள்வது என்று நான் உறுதியாக நினைக்கிறேன். அட்டவணை, மீட்டிங், ரிப்போர்ட் எல்லாம் அதற்கான வழிகள்தான். ஐப்பசியில் தெரிந்தால் மூன்று நாளில் சரிசெய்யக்கூடிய சிக்கல், மார்கழியில் தெரியும்போது மூன்று வாரத்தைத் தின்றுவிடும்.

அதற்குக் கேட்கும் விதத்தை மாற்ற வேண்டும். 'வெள்ளிக்கிழமை முடியுமா?' என்று கேட்டால் 'முடியுங்க' என்றுதான் பதில் வரும். 'இந்த வேலைக்கு உங்கள் கைக்கு இன்னும் என்னென்ன வரணும்? எத்தனை ஆள் வேணும், இப்ப எத்தனை பேர் இருக்காங்க? எது வராம நின்னு போகலாம்?' என்று கேளுங்கள். இந்தக் கேள்விகளுக்கு ஆமாம் போட்டுத் தப்பிக்க முடியாது. மேஸ்திரி 'ரிட்ஜ் ஷீட் இன்னும் வரலீங்க, ஸ்க்ரூவும் ரெண்டு பெட்டிதான் இருக்கு' என்பார். உங்களுக்கு வேண்டியது அதுதான். இன்னொன்று: முதன்முதலாக ஒருவர் உங்களிடம் வந்து 'அய்யா, இது தள்ளிப்போகும்' என்று சொல்லும்போது கத்தாதீர்கள். அன்று நீங்கள் நடந்துகொள்ளும் விதத்தைச் சைட்டில் எல்லோரும் கவனிப்பார்கள். கத்தினால் அதற்குப் பிறகு ஒருவரும் வாயைத் திறக்க மாட்டார்கள்.

கூரை 'முக்கால்வாசி' என்று எழுதியிருக்கிறீர்கள். எதில் முக்கால்வாசி? ஷீட் எண்ணிக்கையிலா, பரப்பிலா, செலவழித்த பணத்திலா? சதவீதத்தில் வரும் முன்னேற்றத்தை நம்பி ஏமாந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எண்பது சதவீதம் வரை விறுவிறுவென்று ஏறும். அப்புறம் தொண்ணூறிலேயே வாரக்கணக்கில் நிற்கும். மிச்சம் இருப்பதெல்லாம் ஃப்ளாஷிங் (ஷீட் சேரும் இடத்தை மூடும் தகடு), தண்ணீர்த் தாரை, மூலைகள், ஒழுகும் இடங்கள் என்று கைவேலை அதிகமான துண்டு வேலைகள். குளங்களுக்குக் குழாயில் தண்ணீர் கொண்டுவரும் நம் பக்கத்து அத்திக்கடவு - அவினாசித் திட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2019இல் அடிக்கல் நாட்டினார்கள். 1,045 குளம் குட்டைகள், ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் குழாய். பணிகள் பெரும்பாலும் முடிந்துவிட்டன என்ற செய்தியை நாம் நெடுநாள் படித்துக்கொண்டிருந்தோம். 2024 ஆகஸ்ட் 17இல்தான் திட்டம் தொடங்கியது. எத்தனை சதவீதம் என்பது அவினாசி விவசாயிக்கு ஒரு பொருட்டே இல்லை, தன் ஊர்க் குளத்துக்குத் தண்ணீர் வந்ததா என்பதுதான் அவர் கேள்வி. உங்கள் அட்டவணையிலும் ஒவ்வொரு வேலைக்கும் கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு முடிவை எழுதுங்கள். 'கூரை முடிந்தது' என்றால், மேலே தண்ணீர் ஊற்றிக் கீழே ஒழுகாமல் இருப்பது. 'ஈ.பி. முடிந்தது' என்றால், மெயின் பேனலில் விளக்கு எரிவது. முடிந்தது, முடியவில்லை என்ற இரண்டு நிலை போதும்.

அடுத்து, அந்தத் தை மாதத் தேதி எங்கிருந்து வந்தது என்று யோசித்தீர்களா? நாள் பார்த்து முகூர்த்தம் குறித்தார்கள். அங்கிருந்து பின்னோக்கி எண்ணி, இருக்கிற மாதங்களுக்குள் வேலைகளை அடைத்திருக்கிறீர்கள். எல்லா ஊரிலும் நடப்பதுதான். 1979இல் டேனியல் கானமன், ஏமஸ் ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் இதைப் பற்றி எழுதினார்கள்: மனிதர்கள் தங்கள் வேலையின் உள்விவரங்களை மட்டும் பார்த்துத் திட்டம் போடுகிறார்கள், அதே மாதிரி வேலைகள் முன்பு எவ்வளவு காலம் பிடித்தன என்று திரும்பிப் பார்ப்பதில்லை, அதனால் எப்போதும் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். சிட்னி ஓபரா மாளிகையை 1963இல் 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலரில் முடிப்பதாகக் கணக்கிட்டார்கள். 1973இல், 10 கோடியே 20 லட்சம் டாலரில் முடிந்தது. நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. அரசூர், கருமத்தம்பட்டி, கணியூர் பக்கம் கடந்த சில வருடங்களில் ஷெட் கட்டிய மூன்று பேரைப் போய்ப் பாருங்கள். 'பூமி பூஜை என்றைக்குப் போட்டீங்க, கரன்ட் என்றைக்கு வந்துச்சு, முதல் பீஸ் என்றைக்கு ஓடுச்சு?' என்று மூன்று தேதிகளை மட்டும் கேளுங்கள். நம் ஊர்த் தொழில்காரர்கள் இதையெல்லாம் மறைக்க மாட்டார்கள், ஒரு காபியோடு முழுக்கதையும் சொல்வார்கள். அந்தத் தேதிகளோடு உங்கள் அட்டவணையை ஒப்பிட்டுப் பார்த்தாலே தை எவ்வளவு தூரம் என்று தெரிந்துவிடும்.

நாள்காட்டியையும் உங்கள் அட்டவணை மதிக்கவில்லை. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று எப்படி இருக்கும் என்று சூலூர்க்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த மாதங்களில் உயரத்தில் ஷீட் ஏற்றுவது ஆபத்து. அடிக்கடி வேலையை நிறுத்த வேண்டிவரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தோண்டிய குழி நிரம்பும்; கரிசல் மண்ணாக இருந்தால் லாரி உள்ளேயே வராது. பீகார், ஜார்க்கண்ட் ஆட்கள் தீபாவளிக்கு என்று போனாலும், அவர்களுக்குப் பெரிய நோன்பு தீபாவளிக்கு ஆறாம் நாள் வரும் சத் பூஜை. அது முடிந்து, டிக்கெட் கிடைத்து, இங்கே வந்து சேர ஒரு மாதம் ஆவது வழக்கம்தான். அவர்கள் குடும்பத்தைப் பார்ப்பது வருடத்துக்கு ஒரு தடவை; அதைத் தொந்தரவாக நினைக்கக் கூடாது, நாம்தான் முன்கூட்டியே கணக்கில் சேர்த்திருக்க வேண்டும். தைப் பொங்கலுக்கு நம் ஊர்க் கொத்தனார்கள் ஒரு வாரம் வர மாட்டார்கள். மாசி, பங்குனி, சித்திரையில் ஊருக்கு ஊர் மாரியம்மன் நோம்பி. பூச்சாட்டு ஆகிவிட்டால் அந்த ஊர் ஆட்களைத் தேடக் கூடாது. அடுத்து நீங்கள் போடும் அட்டவணையில் இதையெல்லாம் முதலில் குறித்துவிட்டு, அதன் பிறகு வேலைகளை எழுதுங்கள்.

இனி எது எதற்காகக் காத்திருக்கிறது என்று பார்ப்போம். இந்த விஷயத்தில் உங்கள் மெயின்டெனன்ஸ் அனுபவம் பெரிய சொத்து. ஷட்டவுன் எடுக்கும் முன் என்ன செய்வீர்கள்? பேரிங் கைக்கு வராமல் மெஷினைப் பிரிக்க மாட்டீர்கள். எது முடிந்தால் எதைத் தொடலாம், எதெதைச் சேர்த்துச் செய்யலாம், எது தாமதித்தால் மெஷின் ஓடுவதே தாமதிக்கும் என்று மனதுக்குள் ஒரு வரிசை போட்டிருப்பீர்கள். 1957இல் அமெரிக்காவின் டூபாண்ட் கம்பெனியில் இதைத்தான் கிரிட்டிக்கல் பாத் என்ற முறையாக்கினார்கள். ஆலை கட்டுவதற்கும், ஆலையை நிறுத்திப் பராமரிப்பதற்கும் உருவான முறை அது. ஒன்றன்பின் ஒன்றாகத்தான் செய்ய முடியும் என்ற வேலைகளில் மிக நீளமான சங்கிலி எதுவோ அதுதான் முடியும் தேதியைத் தீர்மானிக்கும். மற்ற வேலைகள் நாலு நாள் தள்ளினாலும் பரவாயில்லை.

உங்கள் சைட்டில் அந்தச் சங்கிலி கூரை வழியாகப் போகவில்லை என்பது என் கணிப்பு. எல்லோர் கண்ணுக்கும் தெரிவது கூரை என்பதால் நீங்கள் அதன் பின்னாலேயே ஓடுகிறீர்கள். மெஷின் ஃபவுண்டேஷனைப் பாருங்கள். கான்கிரீட் முழு வலிமைக்கு வர 28 நாள் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். ஏழாம் நாளில் அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான் வந்திருக்கும். கார்த்திகை 20ஆம் தேதி நீங்கள் போட்டுவிட்டாலே மார்கழி 19 ஆகிவிடும். அதன் பிறகுதான் மெஷினை இறக்கி, லெவல் பார்த்து, போல்ட்டுக்கு கிரௌட் (இடைவெளியை நிரப்பும் கலவை) போட்டு, கம்பெனி இன்ஜினியர் வந்து ஓட்டிப் பார்க்க வேண்டும். அந்த இடத்துக்கு மேல் கூரை ஏற்கெனவே இருந்தால் ஒரு நாளும் காத்திருக்காமல் ஃபவுண்டேஷனைத் தொடங்குங்கள். இல்லாவிட்டால் மீதிக் கூரையில் அந்தப் பகுதியை முதலில் மூடச் சொல்லுங்கள். தொடங்கும் முன், கடைசியாக ஆர்டர் போன மாடலுக்கான ஃபவுண்டேஷன் டிராயிங்தான் கையில் இருக்கிறதா என்று மெஷின் சப்ளையரிடம் ஒரு தடவை உறுதிசெய்துகொள்ளுங்கள். இடையில் மாடல் மாறி, போல்ட் குழி இடம் மாறிப்போனால் உடைத்துத்தான் போட வேண்டும்.

மெஷினைச் சீக்கிரம் கொண்டுவந்து சைட்டில் இறக்கி வைத்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். மழையும் சிமென்ட் தூசியும் அதற்கு ஆகாது. சப்ளையரிடம் பேசி அனுப்பும் தேதியைத் தள்ள முடியுமா என்று இப்போதே கேளுங்கள். சில ஒப்பந்தங்களில் வாரண்டிக் காலம் மெஷின் ஓடத் தொடங்கிய நாளிலிருந்து இத்தனை மாதம், அல்லது அனுப்பிய நாளிலிருந்து இத்தனை மாதம், எது முந்தியோ அது என்று போட்டிருப்பார்கள். பெட்டியைப் பிரிக்காமலே வாரண்டி கரைந்துகொண்டிருக்கும். பர்ச்சேஸ் ஆர்டரை எடுத்துப் படியுங்கள்.

அப்புறம் ஈ.பி. 'நடந்துட்டு இருக்கு' என்பது பதிலே இல்லை. எஸ்டிமேட் வந்ததா, டெபாசிட் கட்டியாயிற்றா, லைன் எந்த வழியாக வருகிறது, நடுவில் யாருடைய காடு இருக்கிறது, டிரான்ஸ்ஃபார்மர் எங்கே நிற்கிறது, மின் ஆய்வுத் துறைக்கு டிராயிங் போயிற்றா என்று தனித்தனியாகக் கேட்டு எழுதுங்கள். உயர் மின்னழுத்த இணைப்பில், ஆய்வுத் துறையின் பாதுகாப்புச் சான்று கிடைக்காமல் லைனில் கரன்ட் விட மாட்டார்கள். கூரை, தரை, மெஷின் எல்லாம் தயாராகி, கரன்டுக்காக ஒன்றரை மாதம் சும்மா கிடந்த ஷெட்டை நான் பார்த்திருக்கிறேன். தொழிற்சாலைக் கட்டட வரைபட அனுமதி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு இவற்றையும் 'ஆபீஸ்ல பாத்துக்குவாங்க' என்று விடாதீர்கள். ஷெட்டை நீட்டினாலோ மெஷின் வைக்கும் இடத்தை மாற்றினாலோ அனுமதி வாங்கிய வரைபடத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதும் உங்கள் வேலைதான். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவு வந்தபோது திருப்பூரில் சாயப்பட்டறைகள் மொத்தமாக நின்றன. கழிவுநீர் விதியைக் கடைசிக் காரியமாக வைத்திருந்ததன் விலையை அந்த ஊரே கொடுத்தது. வெளியாள் கையில் இருக்கும் வேலைகளை அட்டவணையின் தலைப்பில் எழுதி, வாரம் ஒரு தடவை நேரில் போய் விசாரியுங்கள்.

மாற்றங்களைப் பற்றி. கிரேன் மட்டும்தானா, வேறேதும் மாறியதா? பெரும்பாலும் வேறும் இருக்கும். டீ குடிக்கும்போது எம்.டி. 'இந்தப் பக்கம் ஒரு மெஸ்ஸனைன் (இடைத்தளம்) போட்டா நல்லாருக்குமே' என்பார், அவர் மகன் வந்து அசெம்பிளி லைனைத் திருப்பச் சொல்வார். சொந்தக் காசில் கட்டுகிறவர்களுக்குக் கட்டும்போதுதான் பல விஷயம் கண்ணுக்குத் தெரியும். மாற்றம் கேட்பது அவர்கள் உரிமை. ஆனால் அதன் விலையை அவர்களுக்குச் சொல்லாமல் 'சரிங்க' என்று தலையாட்டுவது நீங்கள் செய்யும் தவறு. ஒவ்வொரு மாற்றத்துக்கும் மூன்று வரி எழுதுங்கள்: என்ன மாற்றம், எத்தனை நாள் தள்ளும், எவ்வளவு செலவு கூடும். வாட்ஸ்அப்பில் அனுப்பி 'சரி' என்று பதில் வந்தாலே போதும், அதை ஒரு நோட்டில் வரிசையாக ஒட்டி வையுங்கள். 'மெஸ்ஸனைன் போட 18 நாள், நாலரை லட்சம்' என்று எழுத்தில் பார்க்கும்போது, பாதி மாற்றங்களை எம்.டி.யே 'அடுத்த வருசம் பாத்துக்கலாம்' என்று தள்ளி வைத்துவிடுவார். மீதிப் பாதிக்கு, தேதி ஏன் நகர்ந்தது என்று அவருக்கே தெரிந்திருக்கும்.

ஆள் வரவில்லை என்பதற்கு வருகிறேன். எல்லாம் சத் பூஜையினால்தானா என்று பாருங்கள். ஷெட் போடுபவரின் பில் எத்தனை நாளாக நிற்கிறது? நம் பக்கத்து ஃபேப்ரிகேஷன்காரர்கள் ஒரே சமயத்தில் மூன்று நாலு சைட் ஓட்டுகிறார்கள். சனிக்கிழமை கூலி, கேஸ் சிலிண்டர், வெல்டிங் ராடு, கிரேன் வாடகை எல்லாம் கையிலிருந்து போக வேண்டும். உங்கள் பில் அக்கவுண்ட்ஸ் மேஜையில் கையெழுத்துக்குக் காத்திருந்தால், திங்கட்கிழமை அவருடைய நல்ல வெல்டர்கள் பணம் கொடுத்த சைட்டுக்குப் போய்விடுவார்கள். உங்களுக்கு இரண்டு ஹெல்பர் வருவார்கள். உங்களிடம் அவர் பணத்தைப் பற்றிப் பேச மாட்டார், 'ஆளுக ஊருக்குப் போய்ட்டாங்க' என்பார். தாமதத்துக்கு ஆள் பற்றாக்குறை என்று எழுதப்படும் காரணங்களில் எத்தனையோ, உள்ளே போய்ப் பார்த்தால் நின்றுபோன பில்தான். சிறு நிறுவனங்களுக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும் என்று 2006ஆம் வருடச் சட்டம் சொல்கிறது. ஆனால் ஒரு மேஸ்திரியின் வாரக் கூலி 45 நாள் தாங்காது. வேலை அளந்த மறுநாளே பில்லில் கையெழுத்துப் போட்டு, அது எந்த மேஜையில் இருக்கிறது என்று தொடர்ந்து பார்ப்பதை உங்கள் தினசரி வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். பணம் சொன்ன நாளில் வரும் சைட்டுக்கு ஆட்கள் தாமாகவே வருவார்கள்.

இருக்கிற வேலைக்கு இரட்டிப்பாக ஆள் இறக்கிப் பிடித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் யோசியுங்கள். பிளம்பிங், தரை போன்ற பரவலான வேலைக்கு அது உதவும். கூரை மேல் நிற்கும் இடம் அவ்வளவுதான். புதிய ஆட்களுக்குச் சொல்லிக்கொடுக்கப் பழைய ஆட்களின் நேரமும் போகும். இரவில் லைட் போட்டுக் கூரை வேலை செய்ய மட்டும் ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். ஈர ஷீட்டில், அரைத் தூக்கத்தில், ஹார்னஸ் மாட்டாமல் ஏறுகிற ஒரு பையன் விழுந்தால் எந்த முகூர்த்தமும் அதற்கு ஈடாகாது. தேதி நெருங்கும்போது எல்லோரும் உங்களை அவசரப்படுத்துவார்கள். அந்த இடத்தில் ஆகாது என்று சொல்லும் அதிகாரம் உங்களுக்கு உண்டு, அதைப் பயன்படுத்துங்கள்.

நீங்கள் இரவு பத்து மணிக்கு வீடு திரும்புவதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது. கம்ப்ரஸர் லைன் எப்படிப் போக வேண்டும் என்று நீங்களே நின்று பார்க்கிறீர்கள், கேபிள் டிரேயில் வளைவு சரியில்லை என்றால் நீங்களே இறங்கிச் சரிசெய்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பதினோரு வருடக் கை சும்மா இருக்காது. ஆனால் நீங்கள் கம்ப்ரஸர் லைனில் நிற்கும் அந்த மூன்று மணி நேரத்தில் ஈ.பி. ஆபீசுக்குப் போக வேறு ஆள் இல்லை, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைப் பார்க்க வேறு ஆள் இல்லை. உங்களிடம் பழகிய ஃபிட்டர் ஒருவரை மெயின்டெனன்ஸிலிருந்து கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கைவேலை மேற்பார்வை அவருடையது. நீங்கள் காலையில் சைட்டை ஒரு சுற்றுச் சுற்றி, ஒவ்வொரு குழுவிடமும் 'இன்னைக்கு எதுக்காக நிக்கறீங்க?' என்று கேட்டு எழுதிக்கொண்டு வெளியே கிளம்புங்கள். அந்தப் பட்டியலில் உள்ளதைத் தீர்ப்பதுதான் உங்கள் நாள். வாராந்திர மீட்டிங்கை அரை மணி நேரமாகக் குறைக்கலாம். சாயங்காலம் ஏழுக்கு வீட்டில் இருங்கள். களைத்த தலையோடு எடுக்கும் முடிவுகளைக் காலையில் திருத்த வேண்டிவரும்.

இனி எம்.டி.யிடம் பேசுவது. இதற்குத்தான் நீங்கள் அதிகமாகப் பயப்படுகிறீர்கள். இந்த வாரமே பேசிவிடுங்கள், மார்கழி வரை வைத்துக்கொள்ளாதீர்கள். மற்றவர்கள் இருக்கும் மீட்டிங்கில் வேண்டாம்; தனியாக நேரம் கேட்டுப் போங்கள். அதற்கு முன் நாலு நாள் எடுத்து, மேலே சொன்னபடி கான்ட்ராக்டர்களிடமும் ஈ.பி.யிலும் இன்ஜினியரிடமும் கேட்டு, ஒரே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். 'தைக்கு முடியாதுங்க' என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றால் அவர் கோபப்படுவார், அது நியாயமும்கூட. தை முகூர்த்தத்தில் எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது என்று பிரித்துக் கொண்டுபோங்கள். கூரையும் ஒரு பே (தூண்களுக்கு இடைப்பட்ட ஒரு பகுதி) தரையும் முடித்து, கணபதி ஹோமமும் பூஜையும் தையிலேயே போட முடியலாம். முதல் மெஷின் ஓடுவது மாசியிலா பங்குனியிலா என்பது கரன்டைப் பொறுத்தது என்று சொல்லுங்கள். ஒரே தேதி கொடுக்காதீர்கள். 'எல்லாம் நினைச்சபடி வந்தா இன்ன தேதி, ஈ.பி. ஒரு மாசம் தள்ளினா இன்ன தேதி' என்று இரண்டு கொடுங்கள். பழைய இடத்தை எப்போது காலி செய்வது, வாடிக்கையாளருக்கு என்ன சொல்வது என்று முடிவெடுக்க அவருக்கு இரண்டாவது தேதிதான் தேவைப்படும். அவரால் மட்டும் ஆகக்கூடிய காரியங்களையும் அதே தாளில் கேளுங்கள்: பில்லில் உடனே கையெழுத்து, கிரேனில் ஒரு முடிவு, ஈ.பி. மேலதிகாரியிடம் ஒரு போன்.

அவர் முகம் வாடலாம், இரண்டு வார்த்தை கடுமையாகவும் சொல்லலாம். கேட்டுக்கொள்ளுங்கள். தொழில் நடத்துகிறவருக்குத் தாமதம் புதிதல்ல. ஆர்டரும் ஆளும் மழையும் தள்ளிப்போவதை அவர் உங்களைவிட அதிகம் பார்த்திருப்பார். கடைசி வாரத்தில் சொல்வதைத்தான் அவரால் பொறுத்துக்கொள்ள முடியாது. அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்த ஒரு தாளைப் புதுப்பித்துக் கொடுங்கள். தேதி நகர்ந்தால் நகர்ந்தது என்று அதிலேயே தெரியட்டும்.

திங்கட்கிழமை காலையில் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர், மதியம் ஈ.பி. ஆபீஸ், சாயங்காலம் அக்கவுண்ட்ஸில் நிற்கும் பில். இந்த வரிசையில் தொடங்குங்கள். இரண்டு தேதியும் கையில் வந்த பிறகு, எம்.டி.யைப் பார்க்கும் முன், எனக்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள். அந்தத் தாளைச் சேர்ந்து ஒரு தடவை பார்த்துவிடுவோம்.